ஓட்டுகிறவளின் பக்கம்

“எஞ்சின்ல புகை. என்ன செய்வ?”

சுடர்விழியின் வலது கை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தாழ்ந்து போனது. பித்தளைக் குமிழ் விரலில் பட்டதும் கால் வட்டம் திருப்பினாள்.

“பெட்ரோல் அடைச்சாச்சு. சுவிட்ச் ரெண்டும் ஆஃப். பேட்டரி ஆஃப்.”

“ரெண்டு எண்ணுறதுக்குள்ள போயிடுச்சு கை. சரி.” வெளியே காகிதத்தில் பேனா கீறும் சத்தம் கேட்டது.

அவள் கண்ணைச் சுற்றி அம்மாவின் பழைய நூல் புடவையிலிருந்து கிழித்த துணி இரண்டு சுற்றாகக் கட்டியிருந்தது. தை மாதத்துக் காலை வெயில் இடது கன்னத்தில் பட்டது. முன்பக்கம் ஆஸிம் மாமா எஞ்சின் மூடிக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தார். தொலைவில் எங்கோ அறுவடை இயந்திரம் இரைந்தது. புகை சூழ்ந்துவிட்டால் கண் உதவாது, விமானி உட்காரும் காக்பிட் முழுவதையும் கை பார்க்கப் பழகியிருக்க வேண்டும் என்பது அப்பா ஐயாவுவின் கட்சி.

விமானம், மூடிக் கிடந்த சர்க்கரை ஆலையின் கிடங்கு வாசலில் நின்றது. ஆலை ஓடிய காலத்தில் முதலாளி சொந்த விமானத்தில் வந்து இறங்குவதற்காகப் போட்ட ஓடுபாதை எதிரே நீண்டு கிடந்தது. ஐயாவு விமானப்படையில் இருபது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். அடுத்தவர் ஏறிப் போவதற்காக ஒவ்வொரு ஆணியையும் பார்த்துப் பார்த்து அனுப்பிவைத்ததுதான் அவர் உத்தியோகம். கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிராமத்துக்குத் திரும்பி வந்தபின் ரைஸ்மில்லில் மெக்கானிக் வேலை பார்த்துக்கொண்டே, குவைத்தில் பதினைந்து வருஷம் எஞ்சின் வேலை பார்த்துவிட்டு வந்த கூத்தாநல்லூர் ஆஸிமைச் சேர்த்துக்கொண்டு, எட்டு வருஷத்தில் இதைக் கட்டினார். இரும்புக் குழாயில் உடம்பு, மரத்தில் இறக்கை, இறக்கையின்மேல் இழுத்துத் தைத்த துணி. இரண்டு பேர் உட்காரலாம்.

சுடர்விழி மத்தியப் பிரதேசத்தில் ஒரு பள்ளியில் விமானம் ஓட்டக் கற்றுக் கொடுக்கிறாள். முதல் தடவை இதை மேலே கொண்டுபோகிறவள் அவள்தான் என்று எட்டு வருஷத்துக்கு முன்பே பேச்சு. ஒரு மாத விடுப்பில் வந்திருந்தாள். சென்னையிலிருந்து அதிகாரி வந்து பார்த்து, திங்கட்கிழமை மாலை வரை செல்லும்படி அனுமதிக் கடிதம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இன்று வெள்ளி. நாளை காலை ஏழு மணிக்குப் பறப்பதாக ஏற்பாடு.

ஐயாவுவின் நோட்டில் விமானத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு வரி. எல்லாவற்றுக்கும் நேரே டிக் விழுந்துவிட்டது. கடைசிப் பக்கம் ஓட்டுகிறவளுக்கு. “மிஷின எத்தன தடவ பாத்தாலும் ஓட்டுறவள ஒரு தடவயாச்சும் பாக்கணும்” என்பார். காலையிலிருந்து இடது இறக்கைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கெளம்பிட்ட. நூத்தம்பது அடி ஒசரம். எஞ்சின் நின்னுபோச்சு. ஓடுபாதை முதுகுக்குப் பின்னால கெடக்கு. என்ன செய்வ?”

“மூக்க எறக்குவேன். திரும்ப மாட்டேன்.”

“ஏன்?”

“அந்த ஒசரத்துல திரும்பினா வேகம் செத்துப் போயிடும். எறக்கை கவுந்துரும்.”

“முன்னால என்ன இருக்கு?”

“உளுந்து வயலு. அதத் தாண்டி வாய்க்கா. இடதுகைப் பக்கம் தென்னந்தோப்பு, அங்க போகக் கூடாது. வாய்க்காலுக்கு இந்தாண்டயே ஒக்காந்துரணும்.”

“ம்.”

அவள் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குக் காத்திருந்தாள்.

கேள்வி வரவில்லை. அப்பா இப்படிச் செய்வது வழக்கம்தான். ஆகாயத்தில் ஆபத்து முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராது என்று, அசந்திருக்கும் நேரம் பார்த்து அடுத்ததைக் கேட்பார். போன வாரம் ஒருநாள் முழுசாக ஐந்து நிமிஷம் சும்மா இருந்துவிட்டு, “கதவு பிச்சிக்கிட்டுப் போயிடுச்சு!” என்று கத்தினார். அதனால் அவள் அசையவில்லை. விரல்களைத் தளர்த்தி வைத்துக்கொண்டாள். எங்கோ கரிச்சான் கத்தியது. மெத்தென்று ஏதோ தரையில் விழுந்தது. அப்பா துண்டை உதறிப் போடுகிறார் என்று நினைத்தாள். இன்னும் காத்திருந்தாள்.

ஸ்க்ரூ முடுக்கும் சத்தம் நின்றது.

“அண்ணே,” என்றார் ஆஸிம். பிறகு, “அண்ணே… அண்ணே.” செருப்பு இரண்டடி ஓடும் சத்தம். பிறகு, அவள் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், “சுடரு, கட்ட அவுரும்மா.”

எவ்வளவு நேரம் அப்படிக் காத்திருந்தோம் என்று அவள் ஆஸிமிடம் ஒருநாளும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

*

திருவாரூரில் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் இதயக் குழாயில் வைத்த ஸ்டென்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். பதினொரு மணிக்கெல்லாம் ஆஸிமின் வேன் கிராமத்துக்குள் நுழைந்துவிட்டது. செய்தி முன்னாலேயே போயிருந்தது. வாசலில் பெஞ்சைப் போட்டு, வேப்பமரத்தடியில் பந்தலுக்குக் கழி ஊன்றிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா கண்ணாத்தாள் கத்தவில்லை. தெருப் பெண்கள் அவளைப் பிடித்துக்கொள்ள வந்தபோது கையை விலக்கிவிட்டு வேன் பக்கத்தில் வந்து நின்றாள். கணவர் முகத்தைப் பார்த்தாள். சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவை எடுத்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

“கடசியா என்ன கேட்டுக்கிட்டிருந்தாரு?”

“நூத்தம்பது அடிம்மா. எஞ்சின் நின்னுபோற எடம்.”

“சொன்னியா?”

“சொன்னேன்.”

“அப்ப பாதிக்கு மேல வந்துட்டாரு,” என்றாள் அம்மா. அதற்குப் பிறகுதான் வேன் படியில் உட்கார்ந்தாள்.

தம்பி புகழேந்தி ஓசூரிலிருந்து வந்து சேர நான்கு மணியாகிவிட்டது. அப்பாவின் காலடியில் நின்று அவன் அழுதபோது சுடர்விழிக்கு அழுகை வரவில்லை. தண்ணீர்க் குடம் எடுத்தாள். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள். கை தன் பாட்டில் வேலை செய்தது. டீ வாளியைத் தூக்கினாள். தம்ளரில் ஊற்றியதில் பாதி வெளியே சிந்தியது.

பொழுது சாய எடுத்தார்கள். பாடைக்குப் பின்னால் அவளும் நடந்தாள். தெருமுனையில் அம்மாவின் தம்பி துரைக்கண்ணு கையை நீட்டி மறித்தார்.

“பொம்பளப் புள்ளங்க இதோட நின்னுக்கணும்மா.”

அவள் நின்றாள். ஆனால் திரும்பவில்லை. பாடை பத்தடி தள்ளிப் போனது. துரைக்கண்ணு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

ஆற்றங்கரையில் புகழேந்தி கொள்ளி வைத்தான். வெட்டியான், “திரும்பிப் பாக்காமப் போங்கய்யா” என்றான். எல்லோரும் கரையேறினார்கள். ஈர மணலில் ஆஸிமின் செருப்புத் தடத்தைப் பார்த்துக்கொண்டே அவள் நடந்தாள். திரும்பவில்லை.

*

வீட்டுக்கு வந்து குளித்து, கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது துரைக்கண்ணு தொண்டையைச் செருமினார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. எட்டு வருஷத்தில் எத்தனையோ நாள் வேலையை விட்டுவிட்டு வந்து குழாய் தூக்கிக் கொடுத்திருக்கிறார்.

“பாப்பா, நாளைக்குக் காலையில பறக்கறதா இருந்துச்சு. அத நிறுத்த வேணாம்னு எனக்குப் படுது. மச்சான் உசுர விட்டதே அதுக்குத்தான். விடியக்காலம் பாலத் தெளிச்சு, சாம்பல எடுத்து, நீ மேல கொண்டுபோயித் தூவிடு. ஊரே வந்து நிக்கும். நம்ம கீழ்வேளூர் கேபிள் டிவிக்காரரு கூட வரேங்கிறாரு.”

கூடத்தில் பலர் தலையாட்டினார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். புகழேந்தி அக்காவைப் பார்த்தான். அவன் கண் சிவந்திருந்தது.

“எனக்கும் அதான் சரின்னு தோணுதுக்கா. திங்கக்கிழமையோட லெட்டர் முடிஞ்சிரும். மறுபடி வாங்கணும்னா எத்தன மாசம் ஆவும்னு ஒனக்கே தெரியும்.”

சுடர்விழி எழுந்து போய்க் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். கிடங்கு வாசலில் மண்ணிலிருந்து ஆஸிம் பொறுக்கிக் கொடுத்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பி வாசித்தாள். அப்பாவின் கையெழுத்து பட்டாளத்துக் கையெழுத்து. எழுத்தெல்லாம் வரிசையில் நிற்கும்.

“‘தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் குறைவு. காய்ச்சல். கோபம். வீட்டில் சாவு. இதில் ஒன்று இருந்தாலும் ஏறாதே.’ அவரே எழுதி வச்சிருக்காரு மாமா. நாளைக்கு நான் ஏற மாட்டேன்.”

துரைக்கண்ணு தரையைப் பார்த்தார். புகழேந்தி நோட்டை வாங்கிப் படித்தான். இரண்டு தடவை படித்தான்.

“எத்தன நாளுன்னு எழுதலியே,” என்றான்.

அது உண்மைதான். எழுதியிருக்கவில்லை.

“அத நான் சொல்றேன்,” என்றாள் கண்ணாத்தாள். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தவள் மூடியபடியே சொன்னாள். “எல்லாரும் போயிச் சாப்புடுங்க.”

*

சனிக்கிழமை காலை புகழேந்தி போய்ப் பால் தெளித்துவிட்டு வந்ததும் கண்ணாத்தாள் மகளை உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஜன்னலுக்குப் போர்வை தொங்கவிட்டிருந்தாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

“படு.”

“அம்மா, துக்கம் கேக்க வருவாங்கம்மா. நான் உக்காந்திருக்கணும்.”

“நான் உக்காந்திருக்கேன். ஒனக்கும் சேத்து நானே அழுதுக்கறேன். நீ படு.”

கதவை வெளியே சாத்தி நாதாங்கி போட்டுவிட்டுப் போனாள்.

பத்து மணிக்குத் திருவிடைமருதூரிலிருந்து அப்பா வழி ஒன்றுவிட்ட அத்தைகள் வந்தார்கள். வாசலிலேயே தலைவிரித்துக்கொண்டு அழுதபடி வந்தவர்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒப்பாரி ஓய்ந்ததும் பெரிய அத்தையின் குரல் கேட்டது.

“எங்கடி அவரு பெத்த பொண்ணு?”

“தூங்குது.”

“என்னது?”

“தூங்குது அண்ணி. நேத்து ராவு ஒரு பொட்டுக் கண்ணு மூடல.”

“அப்பன எரிச்ச சூடு ஆறல. தூங்குதாமே! நாலு பேரு என்ன பேசுவாங்க?”

“உலை வாயத்தான் மூடலாம். பேசட்டும்.”

கதவுக்கு இந்தப் பக்கம் சுடர்விழி மல்லாந்து படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போய்க் கதவைத் தட்ட வேண்டும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

விழித்தபோது போர்வையின் ஓரத்தில் மஞ்சள் வெயில். மணி ஐந்து. அம்மா ஒரு சட்டி கஞ்சியும் பருப்புத் துவையலும் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“அத்தை கோவிச்சுக்கிட்டாங்களா?”

“போயிட்டாங்க. பதினாறுக்கு வருவாங்க. குடி.”

கஞ்சி குடித்தாள். அம்மா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், சட்டியைப் பிடித்திருந்த விரல்களை.

“நூத்தம்பது அடிக்கு அப்பறம் அஞ்சு கேள்வி இருக்கு,” என்றாள் கண்ணாத்தாள். “எண்ணெ மீட்டர் ஊசி எறங்குது. த்ராட்டில் சிக்கிக்கிச்சு. பறவ மோதுது. சக்கரம் வெடிச்சிடுது. கடசில, எஞ்சின் நல்லாத்தான் ஓடுது, ஆனா என்னமோ சரியில்லன்னு ஒனக்குத் தோணுது. என்ன செய்வ?”

சுடர்விழி சட்டியைக் கீழே வைத்தாள்.

“ஒனக்கு எப்படிம்மா…?”

“ஒன்னயக் கேக்கறதுக்கு முன்னாடி யாரக் கேட்டுப் பழகினாருங்கற? தெனம் சாயங்காலம் என்னய அடுப்படி ஸ்டூல்ல ஒக்கார வச்சுடுவாரு. தோசக் கரண்டியத்தான் ஸ்டிக்குன்னு புடிச்சுக்குவேன். அஞ்சறப் பெட்டிதான் வேகங்கூட்டுற த்ராட்டிலு. ஒரு நா பெட்டியக் கவுத்துட்டேன், கடுகெல்லாம் செதறிப் போச்சு. ‘இப்புடித்தான் ஆவும், ஆடிப் போயிடக் கூடாது, அடுத்தது என்ன’ன்னு அப்பவும் கேட்டாரு மனுசன்.”

அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறெங்கோ போனது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுடர்விழி அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

*

திங்கட்கிழமை பார்க்கலாம் என்று கண்ணாத்தாள் சொல்லியிருந்ததால், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மூவரும் ஆலைக்குப் போனார்கள், அவளும் புகழேந்தியும் ஆஸிமும். வெள்ளிக்கிழமை அந்தக் களேபரத்தில் நாலைந்து பேர் ஓடிவந்து விமானத்தைப் பிடித்திருந்தார்கள், இறக்கைமேல் கை ஊன்றியிருந்தார்கள். பட்டியல் நடுவே தடைபட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது, முதல் வரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது ஐயாவுவின் சட்டம்.

“இருநூத்திப் பன்னெண்டுமா?” என்றான் புகழேந்தி.

“இருநூத்திப் பன்னெண்டும். நீ வாசி.”

அவன் நோட்டைப் பிடித்துக்கொண்டு வாசித்தான். அவளும் ஆஸிமும் ஆளுக்கொரு பக்கம் டார்ச் பிடித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு போல்ட்டிலும் அப்பா போட்டிருந்த சிவப்புக் கோடு நகர்ந்திருக்கிறதா, வால் சுக்கான் கம்பி தளர்ந்திருக்கிறதா, தொட்டியின் அடியில் வடித்த பெட்ரோலில் தண்ணீர் முத்து இருக்கிறதா. கண்ணாடிக் குப்பியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். தெளிவாக இருந்தது.

“எழுபத்தெட்டு. இடது எறக்கைத் தையல். கண்ணு போட்டது…” புகழேந்தி நிறுத்தினான். வரியின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்ததையும் சேர்த்து வாசித்திருந்தான்.

அந்தத் தையலைப் போட்டவள் கண்ணாத்தாள். தெருவில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். ஒரு முழ நீள ஊசியால் துணியை இறக்கையின் மரச் சட்டங்களோடு சேர்த்துக் கோத்து, தையலுக்குத் தையல் முடிச்சுப் போட வேண்டும். முதல் நாற்பது முடிச்சை அப்பா கையால் தடவிப் பார்த்துவிட்டு, “பிரிச்சிடு கண்ணு” என்றார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பிரித்தாள். அதற்குப் பிறகு அவள் போட்ட ஆயிரத்துச் சொச்சம் முடிச்சில் ஒன்றைக்கூட அவர் பிரிக்கச் சொல்லவில்லை. பிரித்தவள் அவள்தான், தனக்கே பிடிக்காததை.

“கண்ணு போட்டது. ஒன்றும் பார்க்க வேண்டாம். ஆனாலும் பார்,” என்று புகழேந்தி வாசித்து முடித்தான். குரலைச் சரிசெய்துகொண்டு, “எழுபத்தொம்போது,” என்றான்.

இருநூற்றுப் பன்னிரண்டு முடிய மாலை ஐந்தாகிவிட்டது. வலது சக்கரத்து பிரேக்கில் ஒரு ஊக்கு மட்டும் தளர்ந்திருந்தது. ஆஸிம் புது ஊக்குப் போட்டார்.

*

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குக் கண்ணாத்தாள் வேனிலிருந்து இறங்கியபோது ஆலை வாசலில் நாற்பது பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். புருஷன் போய் மூன்று நாளில் வீட்டுப்படி தாண்டி வந்தவளைப் பார்த்துச் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். துரைக்கண்ணு ரோஜா மாலை வாங்கி வந்திருந்தார். கேபிள் டிவிக்காரர் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். கம்பத்தில் திசை காட்டும் காற்றுத் துணி ஈசானிய மூலைக் காற்றில் மெல்ல ஆடியது. இதைவிட நல்ல காலை அமையாது.

கண்ணாத்தாள் நேரே நடந்துபோய், இடது இறக்கைக்குப் பக்கத்தில் அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். நோட்டை மடியில் விரித்தாள்.

“ஏறு. கண்ணக் கட்டிக்க.”

சுடர்விழி ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டு கண்ணைக் கட்டிக்கொண்டாள். இரண்டு நாள் நன்றாகத் தூங்கியிருந்தாள். நாடி நிதானமாக இருந்தது.

“எஞ்சின்ல புகை.”

கை போனது. “பெட்ரோல் அடைச்சாச்சு. சுவிட்ச் ரெண்டும் ஆஃப். பேட்டரி ஆஃப்.”

“ரெண்டுக்குள்ள. சரி.” பேனா கீறியது. “நூத்தம்பது அடி. எஞ்சின் நின்னுபோச்சு.”

“மூக்க எறக்குவேன். திரும்ப மாட்டேன். நேரா உளுந்து வயலு.”

“ம்.”

அம்மா நிறுத்தினாள். அப்பா நிறுத்துகிற மாதிரியே, அதே அளவு. சுடர்விழியின் கன்னத்தில் வெயில் பட்டது. கரிச்சான் ஒன்று கத்தியது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அவள் காதெல்லாம் இடது பக்கமே போயிற்று. நாற்காலி அசைகிறதா, மூச்சு கேட்கிறதா, ஏதாவது கீழே விழுகிறதா.

“த்ராட்டில் சிக்கிக்கிச்சு.”

கேட்டது. என்ன செய்ய வேண்டும் என்றும் தெரிந்தது. ஆனால் அந்தக் குரல் வந்துவிட்டதே என்ற நிம்மதி முதலில் உடம்பு முழுக்கப் பரவி, அது வடிந்தபிறகுதான் கை எழுந்தது.

“சுவிட்ச போட்டு அணைச்சு, போட்டு அணைச்சு வேகத்தக் கொறச்சு…”

“நாலு,” என்றாள் அம்மா.

“என்னம்மா?”

“நாலு எண்ணிட்டேன் சுடரு. ரெண்டுக்குள்ள போகணும்.”

சுடர்விழி கட்டை அவிழ்க்காமலே உட்கார்ந்திருந்தாள்.

“இன்னொரு தடவ கேளும்மா.”

கண்ணாத்தாள் கேட்டாள். எண்ணெய் ஊசி இறங்குகிறது. இரண்டு. பிறகு மறுபடி ஒரு நிறுத்தம், இந்த முறை நீளமாக. பறவை மோதுகிறது. மூன்று. சுடர்விழிக்கே தெரிந்தது. கேள்விக்கும் கைக்கும் நடுவே அப்பா உட்கார்ந்திருந்தார்.

“நீயே சொல்லு,” என்றாள் அம்மா. “ஏறலாமா?”

சுடர்விழி துணியை அவிழ்த்தாள். வெளிச்சம் கண்ணைக் கூசியது. ஓடுபாதை, காற்றுத் துணி, கையில் மாலையோடு மாமா, நாற்பது முகம்.

“வேணாம்மா. இன்னைக்கு வேணாம்.”

கண்ணாத்தாள் பேனாவை மூடினாள். புகழேந்தி ஓடி வந்து நாற்காலிக்கு முன்னால் நின்றான்.

“அம்மா, ஒரு நொடிம்மா! ஒரு நொடி ரெண்டு நொடிக்காக எட்டு வருசத்த விடுறதா? சாயங்காலத்தோட லெட்டர் முடியுது. அக்கா ஆயிரம் மணி நேரம் ஓட்டினவ. அவளுக்கு இதெல்லாம்…”

“ஒங்கப்பா இருந்தா இதுல கையெழுத்துப் போட்டிருப்பாரா?”

அவன் அம்மா கையிலிருந்த நோட்டைப் பார்த்தான்.

“போடமாட்டாருல்ல. அப்ப நானும் போடமாட்டேன்.” நோட்டை மூடிக்கொண்டு எழுந்து, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள், “எல்லாரும் வெயிலு ஏறுறதுக்குள்ள வீட்டுக்குப் போங்க. பறக்கற அன்னைக்குச் சொல்லி அனுப்பறோம். தம்பி, மாலைய வேன்ல வையி. அவரு போட்டோவுக்குப் போட்டுக்கலாம்.”

கேபிள் டிவிக்காரர் ஏதோ கேட்க வந்தார். ஆஸிம் அவர் தோளில் கைபோட்டு டீக்கடைப் பக்கம் அழைத்துக்கொண்டு போனார்.

கிடங்கின் கதவைச் சாத்தும்போது புகழேந்தி அக்காவிடம் வந்தான். “மறுபடி அப்ளை பண்றதுக்கு என்னென்ன பேப்பர் வேணும்?” என்றான்.

*

விடுப்பை நீட்டிக்கக் கேட்டு எழுதினாள். பள்ளியில் முணுமுணுத்துவிட்டுக் கொடுத்தார்கள். புதுக் கடிதத்துக்காகப் புகழேந்தி மூன்று தடவை சென்னை போய், கடைசியில் அதை வாங்கி வந்தான். பதினாறு முடிந்தது. அத்தைகள் வந்தார்கள், அன்றைக்குச் சுடர்விழி அவர்கள் நடுவே உட்கார்ந்து, குரலெடுத்து, நெஞ்சு காலியாகும்வரை அழுதாள். அத்தைக்குத் திருப்தி.

மறுநாள் காலையிலிருந்து அம்மாவும் மகளும் தினமும் ஆலைக்குப் போனார்கள். நாற்காலி, நோட்டு, கண்கட்டு. கண்ணாத்தாள் இரக்கமே இல்லாமல் கேட்டாள். சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். ஐந்து நிமிஷம், எட்டு நிமிஷம், ஒருநாள் பன்னிரண்டு. “அதுல ஒக்காந்து பழகுடி. அதத்தான் நீ பழகணும்,” என்றாள். நான்கு மூன்றாயிற்று. மூன்று பல நாள் மூன்றாகவே நின்றது. ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டாயிற்று. அதற்குப் பிறகு ஒரு வாரம் தொடர்ந்து இரண்டுக்குள் விழுந்தபோதும் அம்மா கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். எட்டாம் நாள், அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டாள்.

“எஞ்சின் நல்லாத்தான் ஓடுது. எல்லா ஊசியும் சரியாத்தான் காட்டுது. ஆனா என்னமோ சரியில்லன்னு தோணுது. என்ன செய்வ?”

“எறங்கிடுவேன்.”

“ஆளுங்க பாத்துக்கிட்டு நிக்கறாங்களே?”

“நிக்கட்டும். எறங்கிடுவேன்.”

பேனா வெகுநேரம் கீறியது. சுடர்விழி கண்கட்டை அவிழ்த்துவிட்டுப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தின் அடியில், தையல் நோட்டில் அளவு எழுதுகிற அதே பெரிய எழுத்தில், ‘ஐ. கண்ணாத்தாள்’ என்று இருந்தது.

பங்குனி மூன்றாம் வாரம், ஒரு வியாழக்கிழமை. யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. துரைக்கண்ணு மட்டும் தானாகத் தெரிந்துகொண்டு சைக்கிளில் வந்துவிட்டார். ஆறு ஐம்பதுக்கு எஞ்சின் பிடித்தது. ஓடுபாதையின் கடைசியில் நிறுத்தி, எல்லா ஊசியையும் ஒருமுறை பார்த்துவிட்டு, த்ராட்டிலை முழுசாகத் தள்ளினாள். பழைய கான்கிரீட் பலகைகளின்மேல் சக்கரம் தடதடவென்று அடித்துக்கொண்டு ஓடியது. பிறகு அந்தத் தடதடப்பு நின்றது. அப்படித்தான் தரையை விட்டுவிட்டோம் என்று தெரிந்தது. நூற்றைம்பது அடியில் எதிரே உளுந்து வயல் பழுத்துக் கிடந்தது, அதைத் தாண்டி வாய்க்கால். எஞ்சின் நிற்கவில்லை. வாய்க்காலுக்கு மேலே போனாள்.

இருபத்திரண்டு நிமிஷம் சுற்றினாள். ஆறு வெள்ளைக் கோடாகவும் ஊர்கள் மரக் கும்பல்களாகவும் தெரிந்தன. தன் கிராமம் எது என்று தேடவில்லை. வேகம் பார்த்தாள், வெப்பம் பார்த்தாள், வலப்பக்கமும் இடப்பக்கமும் சாய்த்துப் பார்த்தாள். மடியில் கட்டியிருந்த அட்டையில் எண்களைக் குறித்தாள். இறங்கும்போது ஒருமுறை துள்ளி, பிறகு உட்கார்ந்தது.

எஞ்சினை அணைத்துவிட்டு வெளியே வந்ததும் ஆஸிமிடம் முதலில் சொன்னது, “இடது எறக்கை கொஞ்சம் கனமா இழுக்குது மாமா. நூல் அளவு. சரிபண்ணிடலாம்.”

“பண்ணிடலாம்மா,” என்றார் ஆஸிம். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்பேனர் பெட்டியைத் தேடிப் போனார். துரைக்கண்ணு சைக்கிளைப் பிடித்தபடியே நின்றிருந்தார். புகழேந்தி போனை நீட்டிக்கொண்டு நின்றான். வீடியோ எடுக்க மறந்துபோயிருந்தான்.

கண்ணாத்தாள் இடது இறக்கையின் முன்விளிம்பை உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தாள். பாதி தூரத்தில் நின்று குனிந்து பார்த்தாள்.

“என்னடி இது, புள்ளி புள்ளியா?”

“பூச்சிம்மா. மேல போறப்ப மோதி ஒட்டிக்கும்.”

அம்மா நகத்தால் ஒன்றைச் சுரண்டி எடுத்து விரல்நுனியில் வைத்துப் பார்த்தாள். எள்ளளவு இருந்தது, ஒரு பக்கத்துச் சிறகு இன்னும் முழுசாக.

“அவ்வளவு ஒசரத்துலயுமா பூச்சி இருக்கு?”

“இருக்கும்மா.”

கண்ணாத்தாள் நிமிர்ந்து மேலே பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை, வெயில்தான். பிறகு வாளியை இழுத்து வைத்துக்கொண்டு, துணியை நனைத்துப் பிழிந்து, இறக்கையின் நுனியிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். சுடர்விழி இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.